அக்காவின் நீளக்கைச் சட்டை

அந்தச் சட்டைக்கு அம்மா பதினொரு நாள் எடுத்தார். நான் எண்ணினேன். எதையும் எண்ணாமல் விட எனக்கு அப்போதும் தெரியாது. பென்சன் எடுத்து வீட்டோடு இருக்கிற இந்தக் காலத்தில் அது முற்றிவிட்டது. படிகளை எண்ணுகிறேன். மாத்திரைகளை இரண்டு தரம் எண்ணுகிறேன். பேரப்பிள்ளைகள் வந்து போனால் வாசலில் செருப்புகளை எண்ணுகிறேன். மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். ஒரு எண்ணிக்கை பிழைத்தால் என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததில்லை.

அக்காவுக்குப் பட்டமளிப்பு விழா. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போய் முடித்தவர்களில் அவள் மூன்றாவது, பெண்களில் முதலாவது. விழாவுக்கு இரண்டு தரம் நாள் குறித்தார்கள், இரண்டு தரமும் தள்ளிப்போனது. முதல் தரம் ஊரடங்கு. இரண்டாம் தரம் காரணம் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் காரணம் சொல்லாமல் விட்டால் அதுவே காரணம். மூன்றாவது கடிதம் பத்தொன்பது நாள் வழியில் கிடந்து எங்கள் கைக்கு வந்தபோது விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெண் பட்டதாரிகள் இளநிறச் சேலை உடுக்க வேண்டும், கறுப்பு அங்கியை அங்கே தருவார்கள், ஆளுக்கு இரண்டு விருந்தினர், காலை ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த அப்பா அந்தக் கடிதத்தை மூன்று தரம் உரத்து வாசித்தார். மூன்றாம் தரம் வாசித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

வீட்டில் இளநிறத்தில் இருந்தது ஒரே ஒரு பட்டுச் சேலை. சந்தன நிறம். நான் பிறப்பதற்கு முந்திய வருடம் அம்மன் சடங்குக்கு உடுக்கவென்று அம்மா வாங்கியது. அதோடு தைத்த சட்டையும் இருந்தது. ஆனால் அந்த வருடத்து அம்மா நல்ல உடம்புக்காரி. அவருடைய சட்டைக்குள் இரண்டு அக்காமார் நுழையலாம். ஊர்த் தையற்காரர் மெசினையும் தூக்கிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வருடமாகியிருந்தது. எங்கள் கைமெசின், முந்திய ஓட்டத்தில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய சாமான்களில் ஒன்று. ஆகவே அம்மா கையால் தைத்தார்.

பக்கங்களைப் பிடித்து ஒடுக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது. மிச்ச ஒன்பது நாளும் சட்டையின் கைகளுக்குப் போனது.

அக்காவின் இடது புயத்தில், முழங்கைக்கு நாலு விரல் மேலே, ஒரு தழும்பு இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால், வேளாண்மை வெட்டுக் காலத்தில், வயல்வட்டையில் நின்ற அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது வயலுக்குள் ஒரு செல் விழுந்து வெடித்தது. அதன் துண்டொன்று அவளுடைய கையைக் கிழித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். வெள்ளாமைக்குள் விழுந்த செல்லால் காயப்பட்டவள் என்று எழுதி வைத்தியர் கையெழுத்துப் போட்ட காகிதத் துண்டு ஒன்றும் தந்தார்கள். அந்தத் துண்டை அம்மா அடையாள அட்டையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு குமர்ப்பெண்ணின் உடம்பில் தழும்பு என்றால் சோதனைச் சாவடியில் அதற்கு ஒரு விளக்கம்தான் இருந்தது. இவள் இயக்கத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவள்.

பழைய சட்டையின் கை தோளிலிருந்து ஒரு சாண் கூட வராது. தழும்பு அப்படியே தெரியும். அதை மணிக்கட்டு வரை நீட்ட வேண்டும் என்றார் அம்மா. கூடாது என்றார் அப்பா.

"மறைச்சாத்தான் கேப்பானுகள்," என்றார் அப்பா. "தெரிஞ்சா ஒரு கேள்வி. துண்டைக் காட்டினா முடிஞ்சுது. மறைச்சுப் போட்டுப் பிடிபட்டா நூறு கேள்வி."

"மேடையில படம் எடுப்பாங்க," என்றார் அம்மா. "நாளைக்கு ஒரு மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்கிறதெண்டா அந்தப் படத்தைத்தானே குடுக்கோணும்? புள்ளையக் குடுக்கிறதா, தழும்பைக் குடுக்கிறதா?"

"ரெண்டு பேரும் சண்ட புடிக்காதீங்க," என்றாள் அக்கா. "கையைக் கழட்டித் தாறன். பெட்டியில வச்சுப் பூட்டிப்போட்டு, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு போங்க."

அக்காவின் பேச்சு எப்போதும் இப்படித்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பட்டச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் ஆசிரியர் நியமனத்துக்கு எழுதலாம் என்பதால் இந்த விழா அவளுக்கு முக்கியம் என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லை என்று ஒருநாள் எனக்குத் தெரிந்தது. மாட்டுக் கொட்டில் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் தலையை நிமிர்த்தி, ஒரே சீராக அடி வைத்து நடந்து பழகினாள். மேடைக்கு ஏறுகிற நடை. பதினான்கு அடி, ஒரு சின்னக் குனிவு, திரும்பப் பதினான்கு அடி. என்னைக் கண்டதும் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் போய்விட்டாள்.

இரண்டு பேருக்கும் சம்மதமான ஒரு வழியை அம்மாவே கண்டுபிடித்தார். கை மணிக்கட்டு வரை வரும். ஆனால் உள்பக்கத் தையலை மூடாமல், மணிக்கட்டிலிருந்து தழும்புக்கு மேலே வரை திறந்து விட்டு, அமத்திப் பூட்டுகிற இரும்புப் பொத்தான்களால் மூடுவது. சாவடியில் கேட்டால் பொத்தான்களை இழுத்துக் கையைக் காட்டலாம். தாண்டியதும் அமத்தி மூடலாம். இடது கைக்கு மட்டும் ஆறு பொத்தான். நான் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளிலிருந்து அவற்றை வெட்டி எடுத்தார். துணிக்கு, சேலையின் உள் தலைப்பிலிருந்து இரண்டு சாண் வெட்டினார். இடுப்புக்குள் செருகுகிற பக்கம், யாருக்கும் தெரியாது. கொசுவத்தில் ஏழு மடிப்பு ஆறாகும், அவ்வளவுதான். ஆனாலும் பட்டில் கத்தரி வைக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டதை நான் கண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டியும் கோடு நேராகத்தான் இருந்தது.

பகலில் அக்கா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அதனால் அளவு பார்க்க அம்மாவுக்கு அகப்பட்டவன் நான். பதினொரு வயதில் என் புயமும் அக்காவின் புயமும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. அவள் அவ்வளவு மெலிந்திருந்தாள். நீளத்துக்கு மட்டும் நாலு விரல் கூட்ட வேண்டும். சேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டியபடி, விறாந்தையில் நான் நிற்க வேண்டியிருந்தது. மூன்று தரம் ஊசி குத்தியது. நாலாவது நாள் என் வகுப்புப் பொடியன் ஒருவன் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டான்.

"டேய், எப்படா உனக்குக் கலியாணம்?"

அடுத்த நாள் வகுப்பில் என்னைப் 'பட்டதாரி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஆறு வருடம் நின்றது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அக்கா சட்டையைப் போட்டுப் பார்த்தாள். நீளக்கை அவளுக்கு நன்றாக இருந்தது. வயது கூடினவள் மாதிரியும் தெரிந்தாள். அப்பா ஒரு பேப்பரைச் சுருட்டிக்கொண்டு கதிரைக்கு முன்னால் எழும்பி நின்றார். "வாங்க மகள், பட்டத்தை வாங்குங்க. ரெண்டு கையாலும் வாங்கோணும்." அக்கா பதினான்கு அடி நடந்து வந்து, குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள். டப், டப், டப், டப் என்று நாலு பொத்தான் கழன்றது. சட்டைக்கை வாழைமடல் மாதிரி விரிந்து தொங்கியது. அப்பா சிரித்த சிரிப்பில் பேப்பர் கீழே விழுந்தது. அக்காவும் சிரித்தாள். அம்மா மட்டும் விழுந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல ஒரு நூலோட்டம் போட்டாக் கழராது," என்றார் கடைசியில். "சாவடியெல்லாம் முடிஞ்ச பிறகு, பஸ்ஸில வச்சே போட்டுடுவன். கடைசிச் சாவடி முடியுமட்டும் பொத்தான். மறுகா நூல்."

"எல்லாம் முடிஞ்சிதெண்டு எப்படித் தெரியும்?" என்று அப்பா கேட்டார். அக்கா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் வந்து பதினான்கு மாதம். அதற்குள் சாவடிகள் கூடியிருந்தன, இடம் மாறியிருந்தன.

"இவன் எண்ணுவான்," என்று அம்மா என்னைக் காட்டினார்.

விருந்தினர் அட்டை இரண்டு. அப்பா வரவில்லை. எங்கள் கரையிலிருந்து துறை தாண்டிப் போன ஆம்பிளைகளில் அந்த மாதம் இரண்டு பேர் திரும்பியிருக்கவில்லை. அம்மாவும் நானும் போவதென்று முடிவானது. அடையாள அட்டை எடுக்கிற வயது எனக்கு வரவில்லை. பிள்ளையோடு வருகிற பெண்களை அவ்வளவாக மினக்கெடுத்த மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஒரு வேலை தந்திருக்கிறார்கள். அதைச் சரியாகச் செய்ய வேண்டும். சைக்கிளில் மீன் கொண்டுபோய் நகரத்துக்கு அப்பால் வரைக்கும் விற்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் விரலை மடித்துச் சொன்னார்.

"துறையில ஒண்டு. அங்கால அஞ்சு. எல்லாமா ஆறு. ஆறாவது வளாகத்துக்குக் கிட்ட, புதுசு. விளங்கிச்சா மனே?"

விளங்கியது. ஆறு.

விழா நாள் விடிய முதல் பாதைக்கு நின்றோம். பாதை என்பது எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவை. ஆட்களும் சைக்கிள்களும் ஒரு மாட்டு வண்டியும் ஏறும். அப்பா துறை வரைக்கும் வந்து, என் சட்டைக் கொலருக்குக் கீழே அம்மா குத்தியிருந்த நூல் கோத்த ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார். அக்கா பழைய பாவாடை சட்டையில் வருவாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, சேலையை உடுத்துக்கொண்டே வந்தாள். அங்கே உடுப்பு மாற்ற இடம் கிடைக்குமோ தெரியாது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கரையில் இறங்கியதும் ஒரு மேசை. அடையாள அட்டை பார்த்தார்கள். ஒன்று என்றேன் மனதுக்குள். அதிலிருந்து இருபது அடி தள்ளி, ஓலை மறைப்புக்குப் பின்னால் இன்னொரு மேசை. பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பெண் பொலிஸ்காரி ஒருத்தி அக்காவை மறைப்புக்குள் கூட்டிப்போனாள். பொத்தான் கழருகிற சத்தம் ஆறு கேட்டது. துண்டைக் காட்டினாள். பொத்தான் பூட்டுகிற சத்தம் ஆறு. நான் அறுபது எண்ண முந்தி வெளியே வந்துவிட்டாள்.

"பார்த்தீங்களா?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தாள். "அமத்திறதும் இழுக்கிறதும்தான். நல்ல சட்டை."

இரண்டு என்றேன் மனதுக்குள்.

அங்குதான் எண்ணிக்கை பிழைத்தது. இரண்டு மேசை, ஒரு சாவடி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மேசை என்றால் இரண்டு. பல வருடம் நான் எனக்கு இப்படித்தான் நியாயம் சொன்னேன். மீன்காரர் "துறையில ஒண்டு" என்று சொன்னதை நான் மறக்கவில்லை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். மீன்காரர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினோம். சாவடிக்குச் சாவடி எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். அக்கா ஒவ்வொரு இடத்திலும் கையைக் காட்டினாள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். காத்தான்குடிக் கடைகளில் அப்போதுதான் துணிக்கட்டுகளை வெளியே எடுத்து வைத்தார்கள்; அம்மா அந்த நிலையிலும் ஒரு கடையின் பட்டுத் துணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நகரம் தாண்டியது. மணி எட்டேகால். இன்னொரு சாவடி. அக்கா ஏறி உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

"எத்தனை மனே?" என்று அம்மா கேட்டார்.

"ஆறு. முடிஞ்சுது."

அக்கா என்னைப் பார்த்தாள். "வடிவாத் தெரியுமா?"

"ஓம்," என்றேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னேன்.

அம்மா என் கொலரிலிருந்து ஊசியை எடுத்தார். பஸ் குலுங்கக் குலுங்க, அக்காவின் கையைத் தன் மடியில் வைத்து, பொத்தான் வரிசையின் மேலால் சின்னச் சின்னத் தையலாகப் போட்டுக்கொண்டு போனார். இருபத்தேழு தையல். இருபத்தேழாவதில் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது பஸ் நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். மண்மூட்டைகள் புதிதாக இருந்தன. சணல் இன்னும் மஞ்சளாக இருந்தது.

அம்மாவின் கை ஊசியோடு அப்படியே நின்றது. பிறகு, நான் சொல்லத் தேவையில்லை, என்னைப் பார்த்தார்.

அந்தச் சாவடியில் நின்ற பொலிஸ்காரி கெட்டவள் என்று சொல்ல என்னால் முடியாது. அக்காவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கையைத் தடவிக்கொண்டு போனவளுக்குத் துணிக்குள்ளே, ஒரே இடைவெளியில், ஆறு கட்டி இரும்பு தட்டுப்பட்டது. அதன் மேல் புது நூலால் தையல். திறக்கச் சொன்னாள். திறக்க முடியவில்லை. ஒரு சவர அலகை எடுத்து மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி அறுத்தாள். பட்டும் சேர்ந்து கிழிந்தது. பொத்தான்கள் தெரிந்தன, அவற்றுக்கு மேலே தழும்பு தெரிந்தது. அம்மா கைப்பைக்குள்ளிருந்து துண்டை நீட்டினார். அதை வாங்கி வாசிக்கத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை அக்கா சாவடிக் குடிசைக்குள் இருக்கட்டும் என்று தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவர் சொன்னார். அக்கா பட்டமளிப்புக் கடிதத்தைக் காட்டினாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மேல் அவர்களுக்கு இருந்த சந்தேகம் மற்றவர்கள் மேல் இருந்ததை விடக் கூட என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேறு காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மணி எட்டு நாற்பது. மண்டபம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். காற்று எங்கள் பக்கம் வந்தால் ஒலிபெருக்கியில் யாரோ பரிசோதித்துப் பார்ப்பது கேட்டது: ஒன்று, இரண்டு, மூன்று.

வேலியோரம் ஒரு வேப்பமரத்தடியில் எங்களை இருக்கச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தார். அம்மாவின் வயது இருக்கும். வாகரைப் பக்கம் என்றார். மூன்று நாளாக வந்து இருக்கிறாராம். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஒரு படம்.

"இஞ்ச பாருகா," என்று அம்மாவிடம் நீட்டினார். "என்ட மகன். சந்தைக்குப் போன பொடியன். இவனை ஆரும் கண்டீங்களா எண்டு கேட்டா, படத்தைக் காட்டு எங்கிறாங்க. காட்டினா, இதில ஆரெண்டு கேக்கிறாங்க."

பள்ளிக்கூடத்துக் குழுப் படம். நான் தலைகளை எண்ணினேன்: முப்பத்திரண்டு. அவர் விரல் வைத்த முகம் ஒரு தீக்குச்சித் தலை அளவு.

"கழுத்துக்குப் பின்னால பெரிய மச்சம் ஒண்டு இருக்கு," என்றார் அந்தப் பெண். "அதை வச்சுத்தான் ஆளைச் சொல்லலாம். படத்தில கழுத்துக்குப் பின்பக்கம் எங்ககா தெரியப் போகுது?"

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. பிறகு பெயர்கள். எல்லாப் பெயரும் விளங்கவில்லை, காற்றுத் திரும்பும்போது மட்டும். நான் கைதட்டல்களை எண்ணினேன். நூற்று நாற்பதுக்கு மேல் எண்ணியபின் அம்மா என் முழங்காலில் கை வைத்து, "எண்ணினது காணும் மனே," என்றார்.

வாசிக்கத் தெரிந்தவர் ஒரு மணிக்கு வந்தார். துண்டை வாசித்தார். ஆஸ்பத்திரியை விசாரிக்க ஆள் அனுப்பினார். இரண்டு நாற்பதுக்கு அக்காவை விட்டார்கள். வேலிக்கு வெளியே வந்தவள் எங்களைக் கண்டு சிரித்தாள். ஒரு காயமும் இல்லை, அடித்ததாகத் தெரியவில்லை. இடது கைத் துணி இரண்டாகக் கிழிந்து முழங்கையிலிருந்து தொங்கியது. ஆறு பொத்தானில் ஐந்து இருந்தது.

"வாங்க, கடைசிப் பாதை அஞ்சு மணிக்கு," என்றாள். மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே தெருவுக்கு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

களுவாஞ்சிக்குடியில் இறங்கியதும் துறைக்குப் போகிற தெருவில் திரும்பாமல் அக்கா ஒரு ஸ்டூடியோ வாசலில் நின்றாள். அங்கே பட்டதாரி அங்கி ஒன்றும், மை தடவாத வெறும் தாளைச் சுருட்டிச் சிவப்பு நாடா கட்டியதும் எப்போதும் வைத்திருப்பார்கள். சுற்றுவட்டத்தில் பலருடைய பட்டப் படம் அந்த ஒரே அங்கியில் எடுத்ததுதான்.

"படம் எடுக்கோணும்," என்றாள்.

அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. படக்காரர் அங்கியை அக்காவின் தோளில் போட்டு, இடது பக்கத்தை முன்னுக்கு இழுத்து, கிழிந்த கையை மறைத்தார். "இப்ப ஒண்டும் தெரியாது தங்கச்சி. பட்டத்தை இந்தக் கையால பிடிங்க."

அக்கா அங்கியை இடது தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். "இந்தக் கை முன்னுக்கு வரட்டும்."

"தழும்பு விழுமே?"

"விழட்டும்."

"என்ன விசர் இது புள்ள?" என்று அம்மா எழும்பினார். "ஆருக்குக் குடுக்கிற படம்..."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உள்ளுக்கு ஒரு மேசை நிறையப் படம் கிடந்திச்சு அம்மா. எல்லாம் பொடியனுகள், பொட்டையள். சிரிச்சுக்கொண்டு நிக்குதுகள். ஆர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு கிழமை கழித்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. அக்கா ஆசிரியையாகி, முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றாள். இப்போதும் இருக்கிறாள், என்னைவிட நன்றாக நடக்கிறாள். அந்தக் குடிசைக்குள் ஆறு மணித்தியாலம் என்ன கேட்டார்கள் என்று அவள் சொன்னதில்லை. படத்தை நாலு பிரதி எடுத்தார்கள். ஒன்று வீட்டில், ஒன்று அப்பாவின் பள்ளிக்கூட அலுமாரியில், ஒன்று நகரத்தில் மாமா வீட்டில், ஒன்று அம்மாவின் தலையணை உறைக்குள். ஒருவேளை வீடு எரிந்தாலும், ஊரே எழும்பி ஓடினாலும், எங்காவது ஒன்று மிஞ்ச வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு என்று ஒன்றும் எடுக்கவில்லை. அந்த நாலும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்கு, காணாமல் போனவரைத் தேட, அடுத்த வருடம் அப்படி ஒன்று தேவைப்பட்டது. அவர்களிடம் படம் இருக்கவில்லை.

இவ்வளவும் விளங்க எனக்கு வயது வேண்டியிருந்தது. அன்றைக்கு ஸ்டூடியோவின் வாங்குப் பலகையில் இருந்த எனக்குத் தெரிந்தது இதுதான்: அம்மா படக்காரரிடம் கத்தரிக்கோல் கேட்டார். அக்காவின் தோளிலிருந்து நாலு விரல் விட்டு, சட்டையின் இடது கையைச் சுற்றி வெட்டினார். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. ஒன்பது நாள் தைத்த துணி ஒரு நிமிடத்துக்குள் சீமெந்துத் தரையில் விழுந்தது. பொத்தான் ஒன்று கழன்று என் காலடி வரை உருண்டு வந்தது.

நான் பிழையாக எண்ணியதற்குத் தண்டனையாகத்தான் அம்மா அதை வெட்டுகிறார் என்று நினைத்தேன். இனி அந்தச் சட்டை எனக்குத் தேவையில்லை, உன்னையும் நம்ப மாட்டேன் என்று சொல்கிறார் என்று நினைத்தேன். "வெட்டாதீங்க அம்மா, இனி ஒழுங்கா எண்ணுவன்," என்று அழுதேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் புயத்தில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை ஊதிவிட்டு, தழும்பைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு படக்காரரிடம் கேட்டார்.

"இது வடிவா விழ வெளிச்சம் காணுமா தம்பி? ஒருக்காப் பாருங்க."

என் மேல் உள்ள கோபம் இன்னும் அவருக்குத் தீரவில்லை என்று எண்ணிக்கொண்டு, நான் வாங்குக்கு அடியில் பொத்தானைத் தேடினேன்.